குடும்பத்துக்கு ஏற்ற நாய் இனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாய் வளர்க்கலாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இனத்தின் பெயரிலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றன. லாப்ரடாரா, பீகிளா, பொமரேனியனா என்று வாதம் நடக்கும். ஒருவர் கைப்பேசியில் படம் காட்டுவார். பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். வீட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அடுத்து, அந்த இனம் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும். அழகும் நிறமும் கடைசியில் வரட்டும். கைவிடப்படும் நாய்களில் பல நல்ல நாய்களே. தங்களுக்குப் பொருந்தாத வீட்டுக்குப் போனதுதான் அவற்றுக்கு நேர்ந்த துயரம்.

படி 1: உங்கள் வீட்டின் மிக நெருக்கடியான நாளை எழுதிப் பாருங்கள்

விடுமுறை நாளை மனத்தில் வைத்து நாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை அதிகமான ஒரு நாள், பிள்ளைகளுக்குத் தேர்வு, வெளியே விடாத மழை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். அந்த நாளில் காலையில் நாயை வெளியே அழைத்துச் செல்பவர் யார்? மாலையில் யார்? வீடு தொடர்ந்து எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும்? ஒரு தாளில் பெயர் போட்டு எழுதுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அப்படிச் சொல்லும் வீடுகளில் சில மாதங்களில் முழுப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் நாயே வேண்டாம் என்று சொன்னவராக இருப்பார்.

வளர்ந்த நாயையே ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் தனியே விடாமலிருப்பது நல்லது என்பது விலங்கு நல அமைப்புகள் பலவும் தரும் அறிவுரை. குட்டிக்கு அந்த நேரம் இன்னும் குறைவு. நாள் முழுவதும் வீடு பூட்டியிருக்குமானால் எந்த இனமும் அதற்குத் தீர்வாகாது. இடையில் வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடியாதவர்கள் இப்போதைக்குக் காத்திருப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை.

அடுத்த கேள்வி, கயிற்றைப் பிடிக்கப்போகிறவர்களில் பலம் குறைந்தவர் யார் என்பது. லாப்ரடார் ஆண் நாய் 29 முதல் 36 கிலோ வரை எடை வரும். எதிரே பூனை ஓடினால் அந்த எடை முழுவதும் ஒரே இழுப்பில் முன்னால் பாயும். மாலை நடைக்குப் பாட்டிதான் அழைத்துப் போவார் என்றால், தேர்வுக்கு அளவுகோல் பாட்டியின் மணிக்கட்டுதான். அப்பாவின் தோள் அன்று. சிறு பிள்ளைகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. பிள்ளைகள் நாயுடன் சேர்ந்து நடக்கலாம், தண்ணீர் வைக்கலாம், சீவிவிடலாம். பொறுப்பு மட்டும் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நடுத்தர நாய் ஒன்று 10 முதல் 14 ஆண்டுகள் வரை வாழும். இன்று 8 வயதில் நாய் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை, அந்த நாய் முதுமையில் மாடி ஏறத் திணறும்போது படிப்புக்காக வேறு ஊரில் இருக்கலாம். நாயோடு கடைசிவரை இருக்கப்போவது பெற்றோர்தான். ஆகவே அவர்களின் விருப்பத்துக்கே முதல் இடம்.

வீட்டின் பரப்பளவைப் பற்றி மக்கள் கவலைப்படும் அளவுக்கு அது முக்கியமில்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற கிரேஹவுண்ட், நாளின் பெரும் பகுதியைப் படுத்தே கழிக்கும். காலையில் ஒரு நல்ல நடை கிடைத்தால் அடுக்குமாடி வீட்டிலும் அமைதியாக இருக்கும். உருவத்தில் அதைவிட மிகச் சிறிய ஜாக் ரஸ்ஸல் டெரியர் அதே வீட்டை இரண்டு பண்ணிவிடும். பெரிய தோட்டம் இருக்கிறது, தானே ஓடி விளையாடிக்கொள்ளும் என்று நம்பவும் வேண்டாம். தோட்டத்தில் தனியே விடப்பட்ட நாய் ஓடுவதில்லை. கதவருகே உட்கார்ந்திருக்கும், அலுத்தால் குழி பறிக்கும், போவோர் வருவோரைப் பார்த்துக் குரைக்கும்.

படி 2: அந்த இனத்தின் பரம்பரைத் தொழிலைக் கேளுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

நாய்களை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்துவந்தாலும், இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் இனங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில்தான் இப்போதைய வடிவத்துக்கு வந்தன. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859இல் நடந்த கண்காட்சியைத்தான் நவீன நாய்க் கண்காட்சிகளின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு நாய்களைத் தோற்றத்தைவிட வேலையைப் பார்த்தே இனப்பெருக்கம் செய்தார்கள்: முயல் துரத்துவது, ஆடு மேய்ப்பது, சுட்டு விழுத்திய பறவையைக் கொண்டுவருவது, பொந்துக்குள் புகுவது, காவல் காப்பது. 1911இல் தொடங்கப்பட்ட உலக நாய்க் கூட்டமைப்பு இன்று 350க்கும் மேற்பட்ட இனங்களைப் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கிறது. மேய்ச்சல் நாய்கள், டெரியர்கள், மோப்ப நாய்கள், துணை நாய்கள் என அந்தப் பிரிவுகளிலும் வேலையின் தடம் தெரியும். வேலை ஓய்ந்துவிட்டது; அதற்கான உந்துதல் நாயின் உடம்பில் இன்னும் இருக்கிறது.

பீகிளைப் பாருங்கள். சின்ன உடம்பு, தொங்கும் காது, குழந்தைகளோடு சண்டை போடாத சுபாவம். குடும்ப நாயாக விரும்பப்படுவதில் வியப்பில்லை. கூட்டமாகச் சேர்ந்து முயலின் வாசனையைத் தொடர்ந்து மைல் கணக்கில் ஓடுவதற்காக உருவான நாய் அது. வாசனை கிடைத்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. வேட்டைக்காரருக்கு இடம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது உரத்து ஊளையிடும்படி பழக்கி வளர்த்தார்கள். கூட்டத்தில் வாழ்ந்த பரம்பரை என்பதால் தனிமையும் அதற்கு ஒவ்வாது. சுவர் ஒட்டிய அண்டை வீடுகளும் நீண்ட நேரத் தனிமையும் உள்ள குடும்பத்துக்கு இந்த அழகான நாய் பொருந்தாது.

ஆடு மேய்க்க உருவான பார்டர் கோலி அறிவில் முதல் வரிசை நாய். சேசர் என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயரால் அடையாளம் கண்டது. அந்த ஆய்வு 2011இல் வெளியானது. இதைக் கேட்டதும் அறிவாளி நாய் வேண்டும் என்று ஆசை வரும். அந்த அறிவுக்கு நாள்தோறும் வேலை கொடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆடு கிடைக்காத கோலி ஓடும் குழந்தைகளை மடக்கும், குதிகாலைக் கடிக்கப் பார்க்கும், சைக்கிளைத் துரத்தும். இது கெட்ட குணமன்று, மேய்ப்பனின் குணம். ஆனாலும் 5 வயதுப் பிள்ளை அழத்தான் செய்யும்.

சைபீரியன் ஹஸ்கி பனியில் சறுக்குவண்டியை நெடுந்தூரம் இழுக்கப் பிறந்தது. இரட்டை அடுக்கு முடி, ஓயாத கால்கள், வேலி தாண்டுவதில் அபாரத் திறமை. வெப்பமான ஊரில் அதை வளர்ப்பது அதற்குத் தினமும் தரும் தண்டனை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெரியர்கள் எலியும் நரியும் பிடித்தவை. தோண்டுவதும் சட்டெனப் பாய்வதும் அவற்றின் இயல்பு. வீட்டில் முயலோ வெள்ளெலியோ இருந்தால் யோசியுங்கள். ராட்வீலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவை பொறுப்பெடுத்துக் காக்கும் நாய்கள். அனுபவமும் பயிற்சிக்கு நேரமும் உள்ளவர்களிடம் அருமையாக இருக்கும். பிள்ளைகளின் நண்பர்கள் ஓயாமல் வந்துபோகும் வீட்டில், முதன்முறையாக நாய் வளர்ப்பவரிடம், அவற்றின் விழிப்புணர்வு சிக்கலாகிவிடக்கூடும். பெல்ஜியன் மாலினோயிஸ் போன்ற காவல்துறை வேலை நாய்களை வீட்டு நாயாக வாங்கவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இனத்தின் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. தனி நாய்களுக்கிடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று அது கண்டது. அப்படியானால் இதுவரை சொன்னது வீணா? இல்லை. ஊளையிடுதல், கட்டளைக்கு இணங்குதல் போன்ற சில பண்புகளில் இனத்தின் பங்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. எளிதில் சினம் கொள்வது போன்றவற்றில் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஆகவே பொருந்தாத வேலை நாய்களை விலக்குவதற்கு இனத்தைப் பயன்படுத்துங்கள். "இந்த இனம் கடிக்கவே கடிக்காது" என்ற உத்தரவாதத்தை மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

படி 3: முடி, ஒவ்வாமை, பராமரிப்பு

முடி உதிராத நாய் வேண்டும் என்பவர்கள் பூடில், ஷீ ட்சு, மால்டீஸ் பக்கம் போகிறார்கள். முடி மிகக் குறைவாகவே உதிரும் என்பது உண்மைதான். உதிராத முடி வளர்ந்துகொண்டே போகும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், இடையில் நாள்தோறும் சீவ வேண்டும். விட்டால் சடை பிடித்துத் தோலை இழுக்கும், அடியில் புண் வரும். லாப்ரடாருக்கு முடிவெட்டும் செலவு கிடையாது; வீடு முழுவதும் முடி கிடக்கும். எது உங்களால் முடியும் என்று பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது நாய் ஒவ்வாமை இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வாமைக்குக் காரணம் முடி அன்று. நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்கள். ஒவ்வாமை தராத இனங்கள் என்று விற்கப்படும் நாய்கள் உள்ள வீடுகளின் தூசியையும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளின் தூசியையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. புரத அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே இனத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வாங்கப்போகும் அதே நாயோடு, ஒவ்வாமை உள்ளவர் பலமுறை சில மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும். மருத்துவரிடமும் கேளுங்கள்.

படி 4: உடல் அமைப்பே நோயாகிவிட்ட இனங்களைத் தவிருங்கள்

பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலிஷ் புல்டாக் ஆகிய தட்டை முக நாய்களைப் பற்றிப் பேசாமல் எந்த வழிகாட்டியும் முழுமையாகாது. அவை மனிதரோடு ஒட்டி வாழ்வதில் இணையற்றவை. குணத்தில் குறை சொல்லவே முடியாது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பதிவுகளில் 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022இல் பிரெஞ்சு புல்டாக் முந்தியது. ஆனால் மண்டையோட்டைக் குறுக்கியபோது உள்ளே இருக்கும் மென்மையான திசுக்கள் அதே அளவில் குறையவில்லை. மூக்குத் துளை ஒடுங்கியிருக்கும். அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுப் பாதையை மறைக்கும். நாய் உடல் வெப்பத்தை முக்கியமாக இரைத்து மூச்சு விட்டுத்தான் தணித்துக்கொள்கிறது. மூச்சுவிடவே போராடும் நாய்க்கு வெயில் எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். அது தூங்கும்போது விடும் குறட்டையை மக்கள் ரசித்துப் படம் எடுக்கிறார்கள். அந்த ஒலி, காற்று போதாத ஒரு பிராணி எழுப்பும் ஒலி. பல விமான நிறுவனங்கள் இந்த நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுப்பதற்கும் இதுவே காரணம். சராசரிக் குடும்பத்துக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற இனங்களுக்கும் அவற்றுக்கே உரிய நோய்கள் உண்டு. டாஷ்ஹண்டுக்கு நீண்ட முதுகில் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு நழுவி, பின்கால்கள் செயலிழக்கும் அபாயம் இருக்கிறது. படிக்கட்டும் சோபாவிலிருந்து குதிப்பதும் அதற்கு ஆகாது. காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், குணத்தை மட்டும் பார்த்தால் குடும்ப நாய்களில் மிகச் சிறந்தது என்பேன். இதய வால்வு நோய் அந்த இனத்தில் பரவலாக இருப்பது மனத்தை வருத்தும் உண்மை. டால்மேஷன் குட்டிகளில் ஒரு பகுதி ஒரு காதிலோ இரண்டிலுமோ செவிடாகப் பிறக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் ஆகியவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும். கிரேட் டேன் போன்ற பேருருவ நாய்கள் 7 முதல் 10 ஆண்டுகளிலேயே விடைபெற்றுவிடும்.

படி 5: சிறு பட்டியலுக்கு வாருங்கள்

முதன்முறையாக வளர்க்கும், பிள்ளைகள் உள்ள, நாளுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய வீட்டுக்கு லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் இன்றும் நல்ல தேர்வுகளே. மனிதனோடு சேர்ந்து வேலை செய்ய உருவானவை என்பதால் எளிதில் கற்கும். முதல் இரண்டு ஆண்டுகள் அவை அடங்காத பிள்ளைகள். அந்தக் காலத்தைத் தாண்டும் பொறுமை வேண்டும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தட்டு காலியான மறுநொடியே அது உங்களைப் பார்க்கும் பார்வைக்கு இளகிவிடாதீர்கள். உணவை அளந்து வையுங்கள்.

ஒரு மணி நேரமே முடியும், வீடும் சிறியது என்றால் மினியேச்சர் பூடிலைப் பாருங்கள். கண்காட்சிக் கத்தரிப்பைப் பார்த்து அதை அலங்கார பொம்மை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரிய பூடில், நீரில் இறங்கிப் பறவையைக் கொண்டுவந்த வேட்டை நாய். அந்த அறிவுக்கூர்மை சிறிய அளவிலும் இருக்கிறது. முடியை எளிமையாகக் குட்டையாக வெட்டிவிட்டால் போதும். காக்கர் ஸ்பானியலும் நல்ல நடுத்தர அளவு. காதுகளைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். கண்காட்சிப் பரம்பரையில் வந்ததா, வேட்டைப் பரம்பரையில் வந்ததா என்று கேளுங்கள். இரண்டாவதற்கு ஓட்டம் மிக அதிகம் வேண்டும்.

முதியவர் மட்டும் உள்ள அமைதியான வீட்டுக்கு ஷீ ட்சு, மால்டீஸ் போன்ற துணை நாய்கள் ஏற்றவை. கைக்குழந்தையோ ஓடியாடும் சிறு பிள்ளையோ உள்ள வீட்டுக்கு மிகச் சிறிய நாய் பாதுகாப்பானது என்று நினைப்பதில் ஒரு பிழை இருக்கிறது. சிவாவாவையோ பொமரேனியனையோ குழந்தை தூக்கிக் கீழே போட்டால் எலும்பு முறியும். வலிக்குப் பயந்த நாய் கடிக்கும். பிள்ளைகளின் தள்ளுமுள்ளைத் தாங்குவது 10 முதல் 25 கிலோ வரை உள்ள நடுத்தர நாய்தான்.

இந்தப் பட்டியலில் இனப்பெயர் இல்லாத நாய்க்கும் இடம் கொடுங்கள். உள்ளூரில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்த நாய்கள் அந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகியவை. மிகைப்படுத்தப்பட்ட முக அமைப்போ முதுகோ இல்லாததால் மேலே சொன்ன துன்பங்களில் பல அவற்றுக்கு இல்லை. என் தனிப்பட்ட முதல் பரிந்துரை, காப்பகத்தில் உள்ள, குணம் தெரிந்த, இரண்டு மூன்று வயதான நடுத்தர நாய்.

படி 6: குட்டியா, வளர்ந்த நாயா?

குட்டி என்றால் முதல் சில மாதங்களுக்கு இரவில் எழ வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், ஊசிப்பற்கள் எல்லாவற்றையும் கடிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பது கடினம். குட்டியின் குணம் என்னவாகும் என்பதையும் முழுதாகக் கணிக்க முடியாது. வளர்ந்த நாயின் அளவு, சுறுசுறுப்பு, பிள்ளைகளிடம் பழகும் விதம் எல்லாம் கண்முன்னே தெரியும். வளர்ந்த நாய் பாசம் வைக்காது என்பது பொய். புது வீட்டுக்குப் பழகச் சில வாரங்கள் எடுக்கும், அவ்வளவுதான்.

படி 7: தாய் நாயைப் பாருங்கள்

குட்டிதான் வேண்டும் என்று முடிவுசெய்தால், அது பிறந்து வளர்ந்த இடத்துக்கே போய், தாயோடு சேர்த்துப் பாருங்கள். தாய் பயந்து ஒடுங்கினாலோ உறுமினாலோ வந்துவிடுங்கள்; குட்டிகள் அதனிடமிருந்து பெற்றதும் கற்றதும் அதுதான். தாயைக் காட்ட மறுப்பவர், வழியில் எங்காவது சந்தித்துக் குட்டியைக் கொடுப்பதாகச் சொல்பவர், பல இனக் குட்டிகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பவர் ஆகியோரிடம் வாங்கவே வேண்டாம். பரிதாபப்பட்டு ஒரு குட்டியைக் காப்பாற்றுவதாக எண்ணி வாங்கினால், அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்குத் தாயைத் தயார்படுத்தும்.

8 வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை குட்டியின் மனம் உலகைப் பழகிக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் மனிதர்கள், குழந்தைகள், வீட்டு ஓசைகள் ஆகியவற்றை அது கண்டதா என்று கேளுங்கள். இருட்டுக் கொட்டகையில் வளர்ந்த குட்டி, எவ்வளவு நல்ல இனமானாலும் அச்சத்தோடு வளரும். பெற்றோர் நாய்களின் இடுப்பு, கண், இதயப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "மருத்துவர் பார்த்தார், நன்றாக இருக்கிறது" என்பது அறிக்கை ஆகாது. நேர்மையான வளர்ப்பாளர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் இருப்பார்கள், ஏன் இந்த இனம் என்று. அப்படிக் கேட்பவரிடம் மனம் கோணாதீர்கள்; அவர்தான் சரியான ஆள்.

படி 8: இனத்தை மறந்து அந்த ஒரு நாயைப் பாருங்கள்

குடும்பம் முழுவதும் போங்கள். முடிந்தால் வெவ்வேறு நேரங்களில் இரண்டு முறை போங்கள். தானாக வந்து முகர்ந்து, சற்று விளையாடி, பிறகு அமைதியடையும் நாய் குடும்பத்துக்கு ஏற்றது. மூலையில் நடுங்கும் குட்டியின் மீது இரக்கம் பிறக்கும். அதற்குப் பிள்ளைகளற்ற, பொறுமையான, அனுபவமுள்ள வீடு தேவை. எல்லோர் மீதும் ஏறிக் குதிக்கும் குட்டியையும் மற்றொரு முறை பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

நாயை அழைத்து வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு ஏற்படும் நாய்க்கடிகளில் பெரும்பாலானவை முன்பின் தெரியாத நாயால் வருவன அல்ல. பழகிய நாயால் வருவன. நாய் கடிப்பதற்கு முன் பலவகையில் சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், உடல் விறைக்கும், கடைசியில் உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது, கழுத்தைக் கட்டிப் பிடிக்கக்கூடாது. இவற்றைப் பிள்ளைகள் கற்ற பிறகே நாய் வரட்டும். எந்த இனமானாலும் சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டு அறையை விட்டு வெளியேறாதீர்கள்.

படி 9: பணம் கொடுக்கும் முன் பேச வேண்டியவை

ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப ஏற்றுக்கொள்வீர்களா என்று வளர்ப்பாளரிடமோ காப்பகத்திடமோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயர், தேதி, மருத்துவரின் கையொப்பம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை தின்ற உணவு எது, எத்தனை வேளை என்று குறித்துக்கொள்ளுங்கள்; திடீரென மாற்றினால் வயிறு கெடும். வாடகை வீடானால் உரிமையாளரின் ஒப்புதலை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அருகில் உள்ள கால்நடை மருத்துவரைச் சந்தித்து, நாய் வரும் வாரத்திலேயே பரிசோதனைக்கு நேரம் பெறுங்கள். முதல் ஒரு வாரமாவது வீட்டில் ஒரு பெரியவர் விடுப்பில் இருக்கும்படி தேதியைக் குறியுங்கள். பண்டிகை, விருந்து, பயணம் உள்ள வாரம் வேண்டாம்.

தேடிய நாய் அந்தத் தேதிக்குள் கிடைக்கவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அதற்காக வேறு நாயை வாங்கிவிடாதீர்கள். நல்ல வளர்ப்பாளர்களிடம் அடுத்த ஈற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமே. காத்திருக்கும் நாட்களில் காலை நடையைக் குடும்பத்தோடு இப்போதே தொடங்கலாம். தாளில் யார் பெயர் எழுதப்பட்டதோ அவர் உண்மையிலேயே எழுகிறாரா என்பதும் தெரிந்துவிடும்.